“எங்கே தொலைச்சீங்க?” பறிகொடுத்தவர்களைத் திணறடிக்கும் கேள்வி!

சென்னை:
பர்ஸ் போனால் பாதிக் கவலை. அதைச் சொல்லப் போலீஸ் நிலையம் போனால் மீதிக் கவலை!

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஜேப்படி. மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில் கைவரிசை. அடையாறில் பஸ் ஏறும்போது செல்போன் மாயம். இடம்தான் மாறுகிறது. பறிகொடுத்தவர்கள் சொல்லும் கதை ஒன்றுதான்.

“எங்கே தொலைச்சீங்க?” என்பது முதல் கேள்வி.

“தொலைக்கலை சார், எவனோ அடிச்சுட்டான்.”

“நீங்க பார்த்தீங்களா? இல்லையே! ‘காணவில்லை’ன்னு எழுதிக் குடுங்க.”

பழைய நம்பரில் புது சிம் வாங்க ஒரு ரசீது கிடைத்தால் போதும் என்று அவரும் எழுதிக் கொடுத்து விடுகிறார். வினையே அங்கேதான்! ‘காணவில்லை’ என்று எழுதினால் கணக்கில் திருட்டே நடக்கவில்லை. திருட்டே இல்லை என்றால் திருடனை யார் தேடுவது?

ரசீது வேறு, வழக்கு வேறு

கையில் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, மனு வந்தது என்பதற்கு அத்தாட்சி. அவ்வளவுதான். எப்.ஐ.ஆர். போட்டால்தான் அது வழக்கு.

போலீசார் தாங்களே விசாரிக்கக் கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2013 நவம்பர் 12-ல் தீர்ப்பளித்தது.

5,000 ரூபாய் கோடு

2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டம் இதில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. சாதாரணத் திருட்டில் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் புலன் விசாரணை செய்ய முடியாது. முதல் தடவை சிக்கியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை.

சில்லறைத் திருட்டுக்கு ஜெயில் வேண்டாம் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் மாட வீதியில் பூ விற்கும் அம்மாவின் சுருக்குப்பையில் இருந்த 1,500 ரூபாய்? அதற்காக அவர் கோர்ட்டுப் படி ஏறுவாரா?

இடம் முக்கியம்

எங்கே போனது என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். பஸ், ரயிலுக்குள் திருட்டு, வீட்டில் திருட்டு, சரக்கு வைத்திருக்கும் கட்டடத்தில் திருட்டு ஆகியவை 305-வது பிரிவில் வரும். 7 ஆண்டு வரை சிறை. கையிலிருந்து பிடுங்கிக் கொண்டு ஓடினால் 304-வது பிரிவு. இரண்டுக்குமே அந்த 5,000 ரூபாய் கணக்குக் கிடையாது.

அடுத்த தொல்லை, “இது எங்க லிமிட் இல்லே!” மாம்பலம் பிளாட்பாரத்தில் போனால் ரயில்வே போலீஸ், தெருவில் போனால் ஊர்ப் போலீஸ். ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையில் போனால்?

அலைய வேண்டியதில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் வாங்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 173-வது பிரிவு. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் உயர் அதிகாரிக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டு.

போலீசார் பக்கமும் நியாயம் உண்டு. திருவிழா பந்தோபஸ்து, தீபாவளிக் கூட்டம், வி.ஐ.பி. வருகை என்று இருப்பவர்களையும் இழுத்துக் கொண்டு போய் விடுகிறார்கள். ஆனால் ‘திருட்டு’ என்று எழுதிக் கொள்ள எத்தனை போலீசார் வேண்டும்? ஒரு பேனா போதுமே!

ஆகவே, மனு எழுதும்போது ‘திருடப்பட்டது’ என்றே எழுதுங்கள். நேரம், இடம், பஸ் நம்பர், போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், பர்சில் இருந்த பணம், எல்லாவற்றின் மதிப்பு, ஒன்றையும் விடாதீர்கள். 2023 மே மாதம் நாடு முழுவதும் வந்த சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் போனை முடக்கவும் புகார் நகல் வேண்டும்.

“நாலாயிரம்தானே, விடுங்க சார்” என்று சொல்வது சுலபம். மாதக் கடைசியில் அதைப் பறிகொடுத்த குமாஸ்தாவைக் கேட்டுப் பாருங்கள், நாலாயிரம் எவ்வளவு என்று!