புற்றுநோயும் குறைந்துவிட்ட எமது உடலுழைப்பும்

 

புற்றுநோய் என்ற சொல்லை உச்சரிப்பதற்கே எமது வீடுகளில் பலர் அஞ்சுகின்றனர். 'அந்த நோய்' என்று குரலைத் தாழ்த்திக் கூறுவதோடு பேச்சு நின்றுவிடுகிறது. உறவினர் ஒருவர் அதற்கு ஆளாகிவிட்டாலோ 'எல்லாம் களா கத்ர்' என்று கூறி அமைதியடைகிறோம். இறைவிதியை நம்புவது எமது ஈமானின் ஓர் அங்கம். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் வீதியைக் கடக்கும்போது இருபுறமும் பார்த்துக் கடக்கின்ற நாம், உடலின் விடயத்தில் மாத்திரம் காரணங்களை ஆராயாது விதியின் மீது பாரத்தைப் போட்டுவிடுவது எவ்வாறு பொருந்தும்? புற்றுநோய்களில் 30 முதல் 50 வீதமானவை தடுக்கப்படக் கூடியவை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பாகும்.

எமது உடல் கோடானுகோடிக் கலங்களால் ஆனது. பழைய கலங்கள் அழிய, புதியவை பிரிந்து உருவாகிக்கொண்டேயிருக்கின்றன. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளை ஒவ்வொரு கலத்தினுள்ளும் உள்ள மரபணுக்களில் பொதிந்திருக்கிறது. புகை, சில இரசாயனங்கள், சில வைரஸ்கள், கதிர்வீச்சு முதலியவை அந்த மரபணுக்களைச் சிறுகச் சிறுகப் பழுதாக்குகின்றன. பழுதுகள் பல ஒன்றுசேரும்போது கலம் கட்டளைக்கு அடங்காது பெருகத் தொடங்குகிறது. இதற்குப் பல ஆண்டுகள் செல்லும். இருபது வயதில் பழகியதன் விளைவு ஐம்பது வயதில் வெளிப்படுவது இதனால்தான். 'எங்கள் பரம்பரையில் இல்லை' என்று சிலர் துணிவு கொள்கின்றனர். பெற்றோரிடமிருந்து நேரடியாகக் கடத்தப்படும் மரபணுக் குறையால் வருபவை 5 முதல் 10 வீதம் மாத்திரமே.

எமது நாட்டில் ஆண்களிடையே முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோய். உலகின் பெரும்பாலான நாடுகளில் இவ்வாறு இல்லை. காரணம் எமது வெற்றிலைத் தட்டில் இருக்கிறது. 'நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்' என்று சொல்வோரை ஊர்தோறும் காணலாம். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட தனது அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கு தன்னளவிலேயும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று தீர்மானமாக வகைப்படுத்தியது. பாக்கை நெடுங்காலம் மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் தடித்து இறுகி, வாயை முழுமையாகத் திறக்க இயலாத நிலை ஏற்படுகிறது. காரமான உணவு பட்டால் எரிவெடுக்கும். இது புற்றுநோய்க்கு முந்திய நிலையென வைத்தியர்கள் கருதுகின்றனர். வண்ணப் பொதிகளில் வரும் இனிப்பூட்டிய பாக்கை வாங்கிச் சுவைக்கும் மாணவர்களுக்கு இந்நிலை இளவயதிலேயே வந்துவிடக்கூடும். புகையிலை கலந்த மெல்லும் கலவைகள் 2016இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டன. 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதை 2006ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் கடையைப் பார்த்துக்கொள்ளும்; பிள்ளையின் சட்டைப் பையை வாப்பாவும் உம்மாவும்தான் பார்க்க வேண்டும்.

சிகரெட்டின் தீங்கு யாவரும் அறிந்ததே. ஷீஷா நீரினூடாக வருவதால் தூய்மையாகிவிடுகிறது என்ற எண்ணம் இளைஞரிடையே நிலவுகிறது. நீர் அந்தப் புகையைக் குளிர்விக்கிறது. அதிலுள்ள நச்சுக்களை நீக்குவதில்லை. மதுபானமும் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்று. அதுபற்றி இந்நூலைப் படிப்போருக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

பெண்களிடையே முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு உரியது. வயது, பரம்பரை, முதற்பேறு தாமதித்தல் போன்ற பல காரணங்கள் இதற்குண்டு. அவற்றுட் சில எமது கையில் இல்லை. கையில் உள்ளவற்றுள் ஒன்று பாலூட்டுதல். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வொன்று, ஒரு தாய் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் இந்நோயின் ஆபத்து சுமார் 4.3 வீதம் குறைவதாகக் கண்டது. பாலூட்டலைப் பூரணப்படுத்த விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என எமது மார்க்கம் எல்லை வகுத்திருப்பதை அறிந்த தாய்மாருக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும்.

கையில் உள்ள மற்றொன்று உடலுழைப்பு. ஐக்கிய அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த 14 இலட்சத்து 40 ஆயிரம் பேரின் விபரங்களை ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட பேராய்வு, ஓய்வு நேரத்தில் அதிகம் உடலை இயக்குவோருக்கு 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்து குறைந்திருப்பதைக் காட்டியது. பெருங்குடல், மார்பகம், கருப்பை உட்சுவர், சிறுநீரகம் என்பன அவற்றுட் சில. மிகுதியாக இயங்குவோரைக் குறைவாக இயங்குவோரோடு ஒப்பிடும்போது பெருங்குடற் புற்றுநோயின் ஆபத்து சுமார் 19 வீதம் குறைவதாக அறிஞர் குழுக்கள் மதிப்பிட்டுள்ளன.

இது எவ்வாறு நிகழ்கிறது? உடல் அசையாதிருக்கும்போது இரத்தத்தில் இன்சுலின் மிகுந்து நிற்கிறது. அது கலங்களைப் பெருகும்படி தூண்டும் இயல்புடையது. தசைகள் வேலை செய்யும்போது அந்த அளவு இறங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்பிலேயே உருவாகிறது. கொழுப்புக் குறையும்போது அதுவும் குறைகிறது. நீண்டகாலமாக உடலில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் தணிகிறது. இவை ஒன்றுசேர்ந்தே பயனளிக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

ஆய்வுகளை ஐயத்தோடு நோக்குவோர், 'ஆரோக்கியமானவர்கள்தானே ஓடியாடுவார்கள்?' என்று கேட்பதுண்டு. நியாயமான வினாவே. இதற்கு ஓரளவு விடை 2025இல் கிடைத்தது. கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் பெற்ற 889 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மூன்று ஆண்டுகள் பயிற்றுநரின் வழிகாட்டலோடு உடற்பயிற்சி; மற்றப் பிரிவினருக்கு ஆரோக்கியம் பற்றிய நூல்கள் மாத்திரம். ஐந்து ஆண்டுகளின் பின் நோய் மீளாது வாழ்ந்தோர் முதற்பிரிவில் சுமார் 80 வீதம், இரண்டாம் பிரிவில் சுமார் 74 வீதம். வெறும் நூல் கொடுப்பதன் பயன் எவ்வளவு என்பதை என் போன்று எழுதுவோரும் இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்!

ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். நடப்பது பாக்கு மெல்லுவதற்கும் புகைப்பதற்கும் பரிகாரமாகாது. காலையில் ஒரு மணிநேரம் நடந்துவிட்டு மாலையில் வெற்றிலை போடுபவரின் வாய்க்கு அந்த நடை எந்தப் பாதுகாப்பும் தராது. அவ்வாறே உடற்பயிற்சி செய்வோருக்குப் புற்றுநோய் வரவே வராது என்பதும் தவறு. குறைவது ஆபத்தின் அளவுதான். நோயுற்ற ஒருவரிடம் 'நீங்கள் நடந்திருந்தால் வந்திருக்காது' என்று சொல்வது அறிவுமன்று, அதபுமன்று.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமும் தேவை. மிதமானது என்றால், பேச முடியும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்குவது. 'ஐவேளைத் தொழுகையே போதுமான உடற்பயிற்சி' என்று சிலர் வாதிப்பர். தொழுகை இபாதத், அதனை உடற்பயிற்சியாக நிறுப்பது அதன் மதிப்பைக் குறைப்பதாகும். அதன் அசைவுகள் மென்மையானவை. இதயத்துடிப்பை அந்த அளவுக்கு உயர்த்துவனவல்ல. பள்ளிவாசலுக்கு நடந்து செல்வதோ வேறு. எட்டுக்கு எட்டு நன்மையுண்டு என்று நாம் மிம்பரில் சொல்கிறோம். கேட்டிருந்தவர்கள் இருநூறு மீற்றர் தூரத்திலுள்ள வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்புகின்றனர்.

எமது பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பருவமடைந்த நாள் முதல் விளையாட்டு நின்றுவிடுகிறது. பாடசாலை, அதன்பின் பிரத்தியேக வகுப்பு, இரவில் கைபேசி. எங்கும் அமர்ந்தே இருக்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்போட்டி நடத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. வெட்கம் பேணி, உம்மாவும் மகளும் சுபஹுக்குப் பின் ஒன்றாக நடக்கலாம். வளவுக்குள் கயிறு பாயலாம். மகளிர் கல்லூரிகள் தமது மைதானத்தை வாரத்தில் ஒருநாள் தாய்மாருக்குத் திறந்துவிடலாம். இதற்குத் தடையாக நிற்பது மார்க்கமன்று, ஊர்ப்பேச்சு.

அதே வெட்கம் உயிரையும் பறிக்கக்கூடும். மார்பில் தோன்றிய கட்டியை மாதக்கணக்கில் மறைத்து, தாங்க முடியாத நிலையில் மகரகமைக்குச் செல்லும் தாய்மார் இருக்கின்றனர். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமடையும் வாய்ப்பு மிக அதிகம். 1996இல் தொடங்கப்பட்ட சுவநாரி கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடைபெறுகின்றன. அங்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இலவசம். அங்கு பணிபுரிவோரில் பெண்களே அதிகம். முன்கூட்டியே கேட்டுச் செல்வதிலும் தவறில்லை. கொழும்பைச் சூழ்ந்தோர் நாரஹேன்பிட்டியிலுள்ள புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையத்துக்கு எவருடைய கடிதமுமின்றிச் செல்லலாம். வாயில் இரு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் தழும்போ இருப்பின் அரச வைத்தியசாலையின் பல்வைத்தியரிடம் காட்டவேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிரான தடுப்பூசி 2017இல் இருந்து பாடசாலைகளில் 6ஆம் தர மாணவியருக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. அதற்கான சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும்போது, வதந்திகளைக் கேட்டு மடித்து வைத்துவிடாது, ஐயமிருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து கையொப்பமிட்டு அனுப்புங்கள்.