கிராபிக்ஸ் கார்டு மேல் பழி போடும் முன்

கேசிங், மதர்போர்டு, பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாக வாங்கிக் கணினியைச் சொந்தமாகப் பொருத்திக்கொள்ளும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. விளையாட்டு நடந்துகொண்டிருக்கும். திடீரென்று திரை கறுத்துவிடும். சத்தம் மட்டும் கீறல் விழுந்த ரிக்கார்டு போல ஒரே இடத்தில் சுற்றும். உடனே எழும் முதல் பேச்சு, "கிராபிக்ஸ் கார்டு போச்சு" என்பதுதான்.

நடுத்தர கார்டு ஒன்றுக்கே இன்று ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகிறது. கோத்தா திங்கியில் இருப்பவர் நல்ல கணினிக் கடை தேடி ஜொகூர் பாருவுக்குப் போனால் ஒரு வழிக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவும் செய்து புதிய கார்டை மாட்டிய பிறகும் அதே கறுப்புத் திரை வந்தால் என்ன செய்வது? அப்பாவிடம் மறுபடி பணம் கேட்க முடியுமா? ஆகவே, பணத்தை எடுக்கும் முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

திரையில் வரும் எச்சரிக்கையை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் விஸ்டா வெளிவந்த 2007 முதல் விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கொடுத்த வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை நிறுத்தி மீண்டும் எழுப்பப் பார்க்கும். எழுந்தால், 'டிஸ்பிளே டிரைவர் பதில் தரவில்லை, மீண்டுவிட்டது' என்ற செய்தி வரும். ஈவண்ட் வியூவர் குறிப்பேட்டில் 4101 என்ற எண் பதிவாகும். எழாவிட்டால் நீலத் திரைதான். கார்டு பதில் சொல்லவில்லை என்பது மட்டுமே இந்தச் செய்தியில் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்பது அதில் இல்லை. மின்சாரம் போதாததால் மயங்கியதா, சூட்டில் திணறியதா, அதற்குக் கிடைத்த தகவலே கெட்டுப்போயிருந்ததா என்று விண்டோஸுக்குத் தெரியாது.

அறிகுறிகளைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். பிளக்கை யாரோ பிடுங்கியது போல முழுக் கணினியும் அணைந்து தானாக மறுபடி எழுகிறதா? பவர் சப்ளை மேல்தான் முதல் சந்தேகம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச் செய்தியோடு நீலத் திரை வருகிறதா? ரேமைச் சோதிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டால் போதும். விளையாட்டு தொடங்கி அரை மணி நேரம் ஒழுங்காக ஓடி, அதன் பிறகே விழுகிறதா? சூடு. விண்டோஸ் தொடங்கும் முன்பே, மதர்போர்டின் சின்னம் தெரியும்போதே திரையில் வண்ணக் கட்டங்களும் கோடுகளும் வருகின்றனவா? அப்போது கார்டின் சொந்த நினைவகமே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இவற்றில் பலரும் ஏமாறுவது பவர் சப்ளையில்தான். கார்டுக்கும் புராசஸருக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர், கேசிங்கோடு இலவசமாக வந்த பவர் சப்ளையை அப்படியே விட்டுவிடுவார். பெட்டியில் 300 வாட் என்று போட்டிருக்கும் கார்டு, விநாடியின் மிகச் சிறு பகுதிக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். மலிவான பவர் சப்ளை அந்த இழுப்பைத் தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இதனால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, பவர் சப்ளை தன் அளவைப் போல இரு மடங்கு இழுப்பை ஒரு நொடிப்பொழுதுக்குத் தாங்க வேண்டும் என்று சொன்னது.

வயரையும் பார்க்க வேண்டும். எட்டு ஊசி இணைப்பு ஒன்று 150 வாட், மதர்போர்டு துளை 75 வாட் என்பது கணக்கு. கார்டில் இரண்டு இணைப்பு இருந்தால், ஒரே வயரின் இரட்டைத் தலையை இரண்டிலும் செருகுவதைவிடத் தனித்தனி வயர் போடுவதே முறை. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் புதுவகை இணைப்பு உருகிப்போன செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த மாதம் என்விடியா நிறுவனம், தன் கவனத்துக்கு வந்தவை ஏறத்தாழ 50 என்றும், இணைப்பு முழுதாகச் செருகப்படாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் கூறியது. 'டிக்' என்று உட்காரும் வரை அழுத்துவதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

அடுத்தது நம் ஊர் வெயில். குளிர்நாட்டு விமர்சகர் இருபது டிகிரி அறையில் சோதித்த கார்டு, கோத்தா திங்கி வீட்டு மாடியறையில் முப்பத்திரண்டு டிகிரியில் வேலை செய்கிறது. முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்ட அழகான கேசிங் என்றால் காற்றுக்கும் வழியில்லை. 80 டிகிரியைத் தொடுவது பல கார்டுகளுக்கு இயல்பே. அதற்கு மேல் போனால் அவை முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து, மேசைக் காற்றாடியைத் திருப்பிவிட்டு ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். விழுவது நின்றால் நோய் தெரிந்துவிட்டது. தூசியை ஊதி, காற்றாடியின் வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் தீரும்.

ஈரக்காற்றால் கார்டின் தங்க நிற முனைகளில் படலம் படிவதும் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மீண்டும் உட்கார வைத்தாலே சில கணினிகள் பிழைத்துக்கொள்கின்றன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளத்தில் மூழ்கிய ஊருக்கு இன்னொன்றையும் சொல்லத் தேவையில்லை: தண்ணீர் பட்ட பவர் சப்ளையைக் காயவைத்து மறுபடி மாட்டுவது உயிருக்கே ஆபத்து. அதைத் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கார்டை வேகப்படுத்தி வைத்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தொழிற்சாலையே கூட்டி அனுப்பிய வேகமும் இதில் சேர்த்தி. 2020 செப்டம்பர் 17ஆம் தேதி விற்பனைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுகள் பல, வேகம் 2 கிகாஹெர்ட்ஸை எட்டும்போது விழுந்தன. மாத முடிவுக்குள் வந்த புதிய டிரைவரோடு பெரும்பாலோர் தொல்லை தீர்ந்தது. கார்டை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் அதன் பிறகு வருத்தப்பட்டிருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல பாடம் 2024இல் கிடைத்தது. உலகின் பல மூலைகளில் விளையாட்டுகள், 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று சொல்லி நின்றன. விலை உயர்ந்த கார்டு, ஏராளமான நினைவகம், ஆனாலும் போதவில்லையாம்! கார்டு நிறுவனத்தையே எல்லாரும் திட்டினார்கள். ஏப்ரலில் என்விடியா, இதை இண்டெல் நிறுவனத்திடம் கேளுங்கள் என்று கைகாட்டியது. பினாங்கில் 1972 முதல் ஆலை நடத்தும் அதே இண்டெல்தான். அதன் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்ரக புராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தன. விளையாட்டுக்கான தகவல் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை விரிப்பது புராசஸரின் வேலை. தேய்ந்த புராசஸர் அதைத் தப்பாக விரித்தது. அந்தப் பிழையை விளையாட்டு, நினைவகப் பற்றாக்குறை என்று அறிவித்தது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இண்டெல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. திருத்தம் பயாஸ் வழியாக வருகிறது. தேய்ந்துபோனதை அது மீட்காது. இந்தத் தலைமுறை புராசஸர் வைத்திருப்பவர் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் நண்பர் ஒருவரின் கணினி போதும். தம் கார்டை அங்கே மாட்டிப் பார்ப்பது, அவர் கார்டை இங்கே மாட்டிப் பார்ப்பது. கார்டோடு கோளாறும் இடம் மாறினால் குற்றவாளி கார்டுதான். கோளாறு வீட்டிலேயே தங்கிவிட்டால் கார்டு நிரபராதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே நாளில் டிரைவர், ரேம், வயர் மூன்றையும் மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் விழிப்பவர்கள் அதிகம்.

கார்டுதான் என்று உறுதியானால், அடுப்பில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்ற வைத்தியத்தை நம்பி உத்தரவாதத்தை இழக்காதீர்கள். பழைய கார்டு வாங்குவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றிய பின், இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. விற்பவர் எதிரிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

புதிதாக வாங்கிய கார்டை மாற்றித்தர கடைக்காரர் மறுத்தால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 துணைக்கு இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, கார்டின் வரிசை எண், கோளாறு வந்த தேதிகள், கைத்தொலைபேசியில் எடுத்த திரைப் படங்கள், நண்பரின் கணினியிலும் கார்டு விழுந்ததற்கான காணொளி ஆகியவற்றை மனு கொடுக்கும் முன்பே ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.