முதல் கிட்டாரை வாங்கும் முன்

சிகந்தராபாத்தின் பத்மாராவ் நகரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கிட்டார் இரண்டு ஆண்டுகள் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கந்தகிரி முருகனைச் சேவித்துவிட்டு அப்படியே எங்களையும் பார்க்க வரும் உறவினர்கள், காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இதை யார் வாசிக்கிறீர்கள்?" என்பதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "இனிமேல்தான்" என்போம்.

கணவன் மனைவி இருவருமே நாற்பதைக் கடந்தவர்கள். பள்ளி நாட்களில் அரும்பிய ஆசையை, வீட்டுக் கடனில் பாதி அடைந்த பிறகுதான் வெளியே எடுக்க முடிந்தது. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் இணையக் கடை ஒன்றில் வாங்கினோம். பளபளக்கும் கருநீல நிறம். தோள்பட்டை வார், உறை, மீட்டுவதற்கு மூன்று வில்லைகள், ஒரே மாதத்தில் கற்றுத்தருவதாக அட்டையிலேயே வாக்களித்த ஒரு புத்தகம் என எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். மூன்றாம் வாரம் இடக்கை விரல் நுனிகள் சிவந்து எரிந்தன. அழுத்தினால் வலித்தது; அழுத்தாவிட்டால் தந்தி முனகியது. அழுத்தியபோதும் சுருதி சற்று ஏறியே ஒலித்தது. வயதாகிவிட்டது, விரல்கள் முற்றிவிட்டன, நமக்குச் சங்கீதம் எழுதிவைக்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு ஆணியில் மாட்டினோம்.

அதைக் கீழே இறக்கியது தற்செயலாக நேர்ந்தது. அறுந்த தந்தி ஒன்றை மாற்றுவதற்காகச் சிகந்தராபாத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். சிகந்தராபாத் 1806-இல் படைமுகாமாகத் தோன்றிய ஊர். லாலாகுடா, மெட்டுகுடா ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த ஊரும்கூட. கிட்டார் இங்கே அண்மையில் வந்த விருந்தாளி அன்று. அந்த முதியவர் எங்கள் கிட்டாரை மீட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணருகே தூக்கிப் பிடித்துக் கழுத்தின் நீளத்தை நோட்டமிட்டார். சிறிய இரும்பு அளவுகோலைப் பன்னிரண்டாவது மெட்டின்மேல் நிறுத்தினார். ஐந்து மில்லிமீட்டர் என்றார். இதில் தேர்ந்த வித்துவான் வாசித்தாலும் விரல் புண்ணாகும் என்று தக்கணி இந்தியில் அவர் சொன்னபோது, இரண்டு ஆண்டுகளாக எங்கள் விரல்களைத் திட்டியதற்காக அவற்றிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

மெட்டு என்பது வீணை வாசிப்போர் நன்கறிந்த சொல். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தாம் அவை. எட்டத்தில் நிற்கும் தந்தியை மெட்டுவரை அமுக்குவதற்கு அதிக விசை வேண்டும். அப்படி இழுபடும்போது தந்தி கூடுதலாக முறுக்கேறிச் சுருதியும் ஏறிவிடும். எஃகுத் தந்தி கிட்டாரில் பன்னிரண்டாவது மெட்டுக்கும் தடித்த தந்தியின் அடிப்புறத்துக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் இருப்பது வசதி. மெல்லிய தந்திக்கு இரண்டு போதும். கடைக்கு அளவுகோல் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தால், இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வரும். தடித்த தந்தியின் கீழே அந்த இணை பட்டும்படாமலும் நுழைந்தால் சரி. தாராளமாகப் புகுந்து ஆடினால் அந்தக் கருவியைச் சீர்செய்யாமல் வாங்கக் கூடாது. இன்னொரு சோதனை: தந்தியை மூன்றாவது மெட்டருகே அழுத்திக்கொண்டு முதல் மெட்டைப் பாருங்கள். அங்கே தாளின் கனத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால், கழுத்தின் தலைப்பில் தந்திகள் அமரும் துண்டும் உயரமாக இருக்கிறது என்று பொருள்.

இவை இரண்டுமே திருத்தக்கூடியவை. உடற்பகுதியில் தந்திகள் ஏறி இறங்கும் வெள்ளைத் துண்டை, வீணையில் குதிரை எனப்படுவதன் இடத்தில் இருப்பதை, அடியில் இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது மெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். கழுத்து வளைந்திருந்தால் உள்ளே ஓடும் இரும்புத் தண்டைத் திருகி நிமிர்த்தலாம். ஆனால் வாங்கும் கிட்டாரில் அந்தத் தண்டு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் நீல கிட்டாருக்கு இவ்விரு வேலைகளும் புதிய மெல்லிய தந்திகளும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தன. அன்றிரவே ஒரு முழுக் கார்டு, அதாவது பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கூட்டு, தெளிவாகக் கேட்டது.

ஆகவே, எந்த நிறுவனத்துக் கிட்டார் என்ற கேள்வியைவிட, தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற கேள்வியே தொடக்கநிலையாளருக்கு முக்கியம் என்பது எங்கள் முடிவு. இதைச் சொன்னால் கடைக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அடுத்தது வகை. நைலான் தந்தி பூட்டிய ஸ்பானிய மரபுக் கிட்டார் ஒன்று. எஃகுத் தந்தி கிட்டார் மற்றொன்று. முன்னதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அந்தோனியோ தெ தோரெஸ். அதன் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ நாற்பது கிலோ. எஃகுத் தந்திகளில் வழக்கமான மெல்லிய தொகுதியே எழுபது கிலோவைத் தாண்டும். விரலுக்கு எது இதம் என்பது இந்த எண்களிலிருந்தே விளங்கும். ஆனால் நைலான் கிட்டாரின் கழுத்து அகலம்: தலைப்பில் சுமார் 52 மில்லிமீட்டர், எஃகு வகையில் 43 முதல் 44 வரை. சிறிய கை உடையவர்களுக்கு அந்த அகலமே வேறொரு தொல்லை. திரைப்பாடலுக்குத் தாளமாக மீட்டிப் பாட விரும்புவோருக்கு எஃகு பொருந்தும். விரல்களால் தனித்தனியே நிரடி வாசிக்க விரும்புவோருக்கும், சுவருக்கு அப்பால் உறங்கும் பக்கத்து வீட்டாரை மதிப்போருக்கும் நைலான். எஃகையே தேர்ந்தாலும் முதல் ஆண்டில் பத்து என்ற எண்ணில் தொடங்கும் மிக மெல்லிய தொகுதியைப் பூட்டிக்கொள்ளலாம். ஒலி சற்று ஒல்லியாகும், அவ்வளவே.

மரத்தைப் பற்றிக் கடையில் நிறையப் பேசுவார்கள். அதில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. நீலகிரி, வயநாட்டுக் காடுகளில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான் உலகின் சிறந்த கிட்டார்கள் பலவற்றுக்கு முதுகும் விலாவுமாக அமைகிறது. 1833-இல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் நெடுங்காலம் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்திவந்தது. அது கிடைப்பது அரிதானபோது, 1960-களின் இறுதியில் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. தமிழ்நாட்டில் இம்மரத்தைக் காப்பதற்கென்றே 1994-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2017 தொடக்கத்தில் உலகின் ஈட்டி இனங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியபோது இசைக்கருவி வணிகமே தடுமாறிற்று. 2019-இல்தான் முழுமையாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இவ்வளவு வரலாறு உள்ள மரம் ஆறாயிரம் ரூபாய்க் கிட்டாரில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மேலே ஒட்டிய மெல்லிய தோலைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது முன்பலகை. ஒரே பலகையாக இருந்தால் நாளாக ஆக ஒலி விரியும். ஒட்டுப்பலகையாக இருந்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் மரக் கோடுகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் ஒரே பலகை; அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. ஆனால் ஹைதராபாத்தில் முதல் கிட்டார் ஒட்டுப்பலகையாக இருப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரணம் நம் வானிலை.

மரக்கருவிக்கு உகந்த காற்றீரம் 45 முதல் 55 விழுக்காடு. கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் தக்காணப் பீடபூமியில் அமர்ந்துள்ள இந்நகரில் ஏப்ரல், மே பிற்பகல்களில் அது முப்பதுக்கும் கீழே போய்விடும். மரம் சுருங்கும். மெட்டுகளின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும்; முன்பலகை உள்வாங்கும்; ஒரே பலகையாக இருந்தால் விரிசலும் விடலாம். ஜூனில் மழை வந்ததும் அதே பலகை உப்பித் தந்திகளை மறுபடி உயர்த்தும். சென்னையில் இருந்தவரை தந்தி துருப்பிடிப்பதுதான் கவலையாக இருந்திருக்கும்; இங்கே நேர்மாறு. கோடை முழுவதும் கிட்டாரை உறைக்குள் வைத்து, துளையிட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டைப் போட்டு உடன் வைக்கிறோம். வாரம் இருமுறை நனைத்தால் போதும். சொட்டச்சொட்ட வைக்கக் கூடாது. ஏசி காற்று நேரே படும் சுவரில் மாட்டுவதும், பூட்டிய காரில் விட்டுச்செல்வதும் வேண்டவே வேண்டாம்.

பணக் கணக்குக்கு வருவோம். எங்கள் மதிப்பில், எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் முதல் கிட்டார் அமைந்துவிடுகிறது. ஜப்பானின் யமஹா நிறுவனம் சென்னைக்கு அருகே 2019-இல் தொடங்கிய ஆலையில் கிட்டார்களும் உருவாகின்றன; கொல்கத்தாவில் கிட்டார் செய்யும் தொழில் அதற்கும் வெகு முந்தையது. முன்பலகை ஒரே மரமாக உள்ளவற்றின் விலை இதற்கு மேலே தொடங்குகிறது. அதைத் தவணையில் வாங்கிவிடலாமே என்ற எண்ணம் வரும். வட்டியில்லாத் தவணை என்றாலும் செயல்முறைக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். அதைவிட, வாசிப்பு நின்ற பிறகும் தவணை நிற்காது என்பதை எண்ணிப் பாருங்கள். நாங்கள் வேறு வழியில் போனோம். பழைய நீல கிட்டாரையே சீர்செய்து வாசிக்கத் தொடங்கிய அன்றே மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஓராண்டுத் தொடர் வைப்பு ஒன்றைத் திறந்தோம். ஆண்டு முடியும்போது இன்னும் வாசித்துக்கொண்டிருந்தால் நல்ல கிட்டார்; இல்லையென்றால் பணம் பணமாகவே கையில் இருக்கும்.

கற்பது குறித்துச் சுருக்கமாகச் சொல்வோம். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிச் செயலி ஒன்று முதல் நாளே வேண்டும். தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது சுருதி முறை. கர்நாடக இசையில் காது பழகியவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம்: ஒவ்வொரு தந்தியும் முந்தையதன் சுத்த மத்யமம்; ஜியிலிருந்து பிக்கு மட்டும் அந்தர காந்தாரம். மேற்கத்திய மேஜர் ஸ்கேல் என்பதன் சுரங்கள் நம் சங்கராபரணத்தின் சுரங்களே. இதை அறிந்தபோது பாதி அச்சம் போயிற்று. மெட்டு பதித்த இக்கருவியில் கமகமும் இயலும் என்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா சான்று. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றபின் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1980-இல் வந்த 'மூடுபனி' படத்தில் நாயகன் கிட்டாருடன் பாடும் பாடலைக் கேட்டுத்தான் எங்களில் ஒருவருக்கு இந்த ஆசையே பிறந்தது.

ஆனால் அந்தப் பாடலில் தொடங்கக் கூடாது. ஆறு மாதம் ஊக்கம் கெடும். இரண்டே விரல்களில் அமையும் ஈ மைனர், பிறகு ஏ மைனர், அப்புறம் டி, ஜி, சி என்று போகலாம். கடினம் கார்டைப் பிடிப்பதில் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாளம் தவறாமல் மாறுவதில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி, சமையலறை நாட்காட்டியில் குறித்துவைத்தோம். முதல் வாரம் ஒன்பது. இரண்டாம் மாதம் இருபத்தெட்டு. காணொளிகளில் எல்லாம் உண்டுதான். எனினும் முதல் ஓரிரு மாதமாவது நேரில் ஓர் ஆசிரியரிடம் போவது நல்லது. மணிக்கட்டு கோணலாக மடங்குவதைக் காணொளி கண்டிக்காது. எங்கள் ஆசிரியர் எங்கள் மகன் வயதினர். எங்களை ஐயா, அம்மா என்று அழைத்துக்கொண்டே, நகம் வெட்டிவரவில்லை என்று திருப்பியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்பதைவிட நாள்தோறும் பதினைந்து நிமிடம் மேல். விரல் நுனி காய்த்துப்போக மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு வாரம் விட்டால் மென்மையாகத் தொடங்கிவிடும்.

தொடர் வைப்பு சென்ற மாதம் முதிர்ந்தது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். முன்பலகை ஒரே மரமாக உள்ள ஒன்று மனத்துக்குப் பிடித்திருக்கிறது. மழை நின்றபின் வந்து இன்னொருமுறை அளந்து பார்க்கிறோம் என்று சொல்லிவந்திருக்கிறோம். ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின்மீதும் படுக்கவைக்க வேண்டிய எஃப் கார்டில் இரண்டாம் தந்தி மட்டும் இன்னும் மங்கலாகவே ஒலிக்கிறது. இம்முறை அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டோம். குற்றம் விரலுடையதுதான்.