பக்குவம் தெரிந்த கைகள்

1735-ஆம் ஆண்டு. ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் ஏழை விவசாயிகளிடம் ஒரு விநோத நோயைக் கண்டார். கையிலும் காலிலும் கழுத்தைச் சுற்றியும் தோல் சிவந்து தடித்து, பிறகு செதில் செதிலாக உரிந்தது. உடம்பு ஓய்ந்துபோனது. நோய் முற்றியவர்களுக்குச் சித்தமும் கலங்கியது. கழுத்தில் மாலையாகப் படரும் அந்தத் தடிப்பை மருத்துவ நூல்கள் இன்றும் காசலின் பெயராலேயே குறிப்பிடுகின்றன. நோயாளிகள் எல்லோரிடமும் பொதுவாக இருந்த ஒன்று அவர் கண்ணில் பட்டது. மக்காச்சோளம்தான் அவர்களுடைய அன்றாட உணவு. இறைச்சி வாய்ப்பது அபூர்வம்.

பெல்லாக்ரா என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நோய் வட இத்தாலி, ருமேனியா, எகிப்து, அமெரிக்காவின் தென் மாநிலங்கள் என்று, மக்காச்சோளம் ஏழைகளின் ஒரே உணவாகிப்போன இடங்களிலெல்லாம் தலைகாட்டியது. கெட்டுப்போன சோளம்தான் காரணம் என்றனர் சிலர். தொற்றுநோய் என்றனர் வேறு சிலர். அமெரிக்க அரசின் மருத்துவரான ஜோசப் கோல்ட்பெர்கர் 1914-ல் ஆராய்ச்சியில் இறங்கினார். இது தொற்று இல்லை என்று நிரூபிக்க, நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது அவர் முடிவு. அந்த ஏதோ ஒன்று நியாசின் என்ற வைட்டமின் என்பதை 1937-ல் கான்ராட் எல்வேஜெம் கண்டறிந்தார்.

மக்காச்சோளத்தின் தாய்வீடு மெக்சிகோ. அங்கே சுமார் 9,000 ஆண்டுகளாக அது விளைகிறது. அந்த மக்களின் உயிரே அதுதான். ஆனாலும் பெல்லாக்ரா அவர்களை வாட்டவில்லை. காரணம் அவர்களுடைய அடுப்பங்கரையில் இருந்தது.

மெக்சிகோவின் பெண்கள் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கழுவி, மெட்டாட்டே எனும் அம்மியில் அரைப்பார்கள். இந்தப் பக்குவத்துக்கு உட்பட்ட சோளத்தின் பெயர் நிக்ஸ்தமல். சுண்ணாம்பு நீர் சோளத்தின் தடித்த மேல்தோலைக் கரைக்கிறது. உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி தானியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசினை விடுவிக்கிறது. கூடவே கால்சியத்தையும் சேர்க்கிறது. வெறும் சோளமாவைப் பிசைந்தால் உதிர்ந்துபோகும். இந்த மாவோ ஒட்டிப் பிடித்து, கையால் தட்டி மண் சட்டியில் சுட்டெடுக்க இணங்கும். அதுதான் டார்ட்டியா. அதற்குத் தொட்டுக்கொள்ள, அதே வயலில் ஊடுபயிராக விளையும் பீன்சும் பூசணியும் இருக்கும். சோளத்தில் குறைவாக உள்ள புரதச் சத்தைப் பீன்ஸ் ஈடுகட்டிவிடும்.

கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது விதை மட்டும்தான். பக்குவம் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டது. அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த அலட்சியத்துக்கு இருநூறு ஆண்டுகள் விலை கொடுத்தவர்கள் ஏழைகள்.

உலக நாடுகளின் பாரம்பரிய உணவுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சுவையோடு நின்றுவிடுகிறது. ஆனால் பல உணவுகள் பிறந்ததே உயிர் பிழைக்கும் கட்டாயத்தில்தான். உறைபனி, பஞ்சம், நஞ்சு, நீண்ட குளிர்காலம் ஆகியவற்றுக்குச் சாதாரண மக்கள் கண்ட பதில்கள் அவை. சில நாடுகளின் அடுக்களைகளை எட்டிப் பார்த்தாலே இது புரியும்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் டிட்டிகாக்கா ஏரி கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே இரவில் தண்ணீர் உறையும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். வேறெங்கும் சாபமாகியிருக்கக்கூடிய இந்தத் தட்பவெப்பத்தை அய்மாரா, கெச்சுவா மக்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். அறுவடையான உருளைக்கிழங்கை வெட்டவெளியில் பரப்புகிறார்கள். இரவில் அது உறைகிறது, பகலில் இளகுகிறது. சில நாள் கழித்து குடும்பமே வெறுங்காலோடு இறங்கி மிதிக்க, தோல் கழன்று நீர் பிழிந்து வெளியேறுகிறது. பிறகு வெயிலில் காய்ந்தால் கல்லைப்போல் இறுகிய, எடை குறைந்த சுனியோ தயார். வெள்ளைச் சுனியோவுக்கு இன்னொரு படி உண்டு: உறைந்த கிழங்கை ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். உறைபனியைத் தாங்கி விளையும் சில மலைக் கிழங்குகள் கடும் கசப்பும் நச்சுத்தன்மையும் கொண்டவை. இந்தப் பக்குவம் அவற்றையும் உண்ணத்தக்கதாக்கிவிடுகிறது.

சுனியோ ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்கா அரசர்களின் களஞ்சியங்களில் அது குவிந்திருந்தது. ஸ்பானியர்கள் வந்து பொட்டோசி மலையில் வெள்ளி வெட்டியபோது, சுரங்கத்தில் உழைத்தவர்களின் வயிற்றை நிரப்பியதும் அதுதான். சுரங்கத்துக்குச் சுனியோ விற்றே செல்வந்தராகி ஊர் திரும்பிய ஸ்பானியர்களைப் பற்றி, 16-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பெத்ரோ சியேசா தெ லியோன் எழுதியிருக்கிறார்.

நஞ்சை வென்ற கதையில் மரவள்ளிக்கு ஈடில்லை. குமரி மாவட்டத்தில் மரச்சீனி, சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு என்று நம்மூரிலும் புழங்கும் இந்தக் கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டதுதான். கசப்பு ரகங்களில், சயனைடு நஞ்சைக் கக்கும் பொருள் நிறைந்திருக்கிறது. அமேசான் காட்டின் பழங்குடியினர் கிழங்கைத் துருவி, டிப்பிட்டி எனப்படும் பின்னிய நீண்ட குழாயில் அடைத்துத் தொங்கவிட்டு, அடி நுனியைப் பிடித்து இழுப்பார்கள். குழாய் இறுகும்போது நஞ்சு கலந்த சாறு வடியும். மாவை வறுத்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சாற்றைக்கூட வீணாக்குவதில்லை. நெடுநேரம் கொதிக்கவைத்து நஞ்சை ஆவியாக்கி, டுக்குப்பி என்ற மஞ்சள் நிறக் குழம்பாக்கிவிடுவார்கள். பிரேசிலின் பாரா மாநிலத்தில் இன்றும் வாத்துக்கறி அதில்தான் வேகிறது.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே ஆப்பிரிக்காவுக்கு வந்த மரவள்ளிக்கு அங்கே சொந்தப் பக்குவங்கள் உருவாயின. நைஜீரியாவில் துருவிய கிழங்கைச் சாக்கில் கட்டிக் கல்லை ஏற்றி, சில நாள் புளிக்கவிட்டு வறுத்தால் கர்ரி என்ற உணவு. ஐவரி கோஸ்டில் அதே கிழங்கைப் புளிக்கவைத்து, குருணையாக்கி ஆவியில் வேகவைத்தால் அத்தியேக்கே. பெண்களின் கைகளில் வாழும் இந்த அத்தியேக்கேக் கலையை 2024-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் படிகளில் ஒன்றைக் குறைத்தாலும் ஆபத்து. 1981-ல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தைக் கடும் வறட்சி தாக்கியது. பசி தாங்காத மக்கள், கசப்பு மரவள்ளியை முழுப் பக்குவம் ஆவதற்கு முன்பே உண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வெந்த மரச்சீனியின் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டும் குமரி மாவட்டத்துப் பெண்களின் கைப்பழக்கத்திலும் இதே எச்சரிக்கைதான் இருக்கிறது.

ஐஸ்லாந்தில் நஞ்சு கிழங்கில் இல்லை, மீனில் இருக்கிறது. கிரீன்லாந்து சுறாவைப் பச்சையாகத் தின்றால் போதை ஏறித் தள்ளாட வேண்டியதுதான். அதைச் சரளை மண்ணில் பல வாரம் புதைத்து, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டு உலர்த்தினால் ஹவுகார்ல். அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். ஆனாலும் நடுக்குளிர்கால விருந்துகளில் அது இல்லாமல் இருக்காது.

கொரியர்களுக்குப் பிரச்சினை வேறு. குளிர்காலத்தில் காய்கறி விளையாது. அதற்கு அவர்கள் கண்ட பதில் கிம்ச்சி. நவம்பர் கடைசியில் ஊரே கிம்ஜாங் வேலையில் இறங்கும். நீளமான முட்டைக்கோசை உப்பு நீரில் ஊறவைத்து அலசி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, உப்பிட்ட மீன் அல்லது இறால் சேர்த்த மசாலாவை இதழ் இதழாகத் தடவுவார்கள். உறவும் அக்கம்பக்கமும் கூடி உட்கார்ந்து செய்யும் வேலை இது. பிறகு ஓங்கி எனப்படும் மண் பானையில் அடைத்து, கழுத்துவரை மண்ணில் புதைப்பார்கள். மேலே பனி கொட்டினாலும், மண்ணுக்கடியில் கிம்ச்சி உறையாமலும் கெடாமலும் மெல்லப் புளிக்கும்.

கிம்ச்சியின் அடையாளமாகிவிட்ட சிவப்பு நிறம் பிற்காலத்தில் வந்தது. மிளகாய் கொரியாவை எட்டியதே 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன்பு மிளகாய் சேராத வெளிர்நிறக் கிம்ச்சிதான் இருந்தது. தமிழர் சமையலுக்கும் மிளகாய் ஏறக்குறைய அதே காலத்தில், அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்து சேர்ந்தது. கிம்ஜாங் மரபை 2013-ல் தென்கொரியாவின் பெயரிலும், கிம்ச்சி செய்யும் மரபை 2015-ல் வடகொரியாவின் பெயரிலும் யுனெஸ்கோ பட்டியலிட்டது. எல்லையில் பீரங்கிகள் நிற்கும் இரு நாடுகளும் ஒரே பானைக்கு உரிமையாளர்கள்.

குளிர்காலத்துக்குக் காய்கறியைக் காக்கும் இதே வேலையை ஐரோப்பாவில் செய்தது உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோசான சவர்க்ராட். 1768-ல் கடற்பயணம் புறப்பட்ட கேப்டன் ஜேம்ஸ் குக், வைட்டமின் சி குறைவால் மாலுமிகளைக் கொல்லும் ஸ்கர்வி நோய்க்கு அஞ்சி, பீப்பாய் பீப்பாயாக அதை ஏற்றிக்கொண்டார். மாலுமிகள் தொட மறுத்தார்கள். குக் வற்புறுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் செய்தார். பெரிய இடத்துச் சாப்பாடு என்று தெரிந்ததும் மாலுமிகளும் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

கிம்ச்சி, சவர்க்ராட் இரண்டிலும் முதலில் வேலையைத் தொடங்கும் நுண்ணுயிரி லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ். நம் வீட்டு இட்லி மாவை இரவோடு இரவாகப் பொங்கவைப்பதிலும் அதற்கே பெரும்பங்கு. சோல், பெர்லின், மதுரை மூன்றிலும் அடுப்பங்கரைக்கு ஒரே கூலியாள். உப்பும் வெப்பமும் காலமும் மாறும்போது பலகாரமும் மாறிவிடுகிறது.

எத்தியோப்பியாவின் இன்ஜிராவும் புளித்த மாவின் பிள்ளைதான். அது டெஃப் தானியத்தில் செய்வது. ஒரு மணி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அரைத்துக் கரைத்த மாவில், முந்தைய முறை மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைக் கொஞ்சம் சேர்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள். பிறகு அகன்ற மண் கல்லில் ஊற்றி மூடி, திருப்பிப் போடாமல் எடுத்தால் மேல்பக்கம் முழுக்கக் கண் கண்ணாக இருக்கும். அதன்மேல் பருப்புக் குழம்பும் காய்கறியும் கறியும் பரிமாற, எல்லோரும் ஒரே தட்டிலிருந்து பிய்த்துச் சாப்பிடுவார்கள். அன்பைக் காட்ட ஒரு கவளத்தை உருட்டி அடுத்தவர் வாயில் ஊட்டுவதற்குக் குர்ஷா என்று பெயர். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி உட்பட ஆண்டில் பல நாட்கள் புலால், பால், முட்டை எதையும் தொடுவதில்லை. அதனால் அந்த நாட்டின் சைவச் சமையல் அவ்வளவு செழிப்பாக இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ஜெபெனா என்ற மண் கூஜாவிலிருந்து காபி ஊற்றுவார்கள். முறைப்படி மூன்று சுற்று; மூன்றாவதற்கு, ஆசி என்று பொருள்படும் பராக்கா என்று பெயர்.

பானங்களில் மங்கோலியாவின் ஐராக் தனி ரகம். குதிரைப் பாலைக் கறந்து ஆறவைத்து, மாட்டுத்தோல் பையில் பழைய ஐராக்கோடு ஊற்றி, மர மத்தால் ஐநூறு முறைக்கு மேல் கடைவார்கள். கூடாரத்துக்குள் வருவோரும் போவோரும்கூடச் சில முறை கடைந்துவிட்டுப் போவது வழக்கம். லேசான போதையும் புளிப்பும் கொண்ட இதை, 1253-ல் அங்கே பயணம் செய்த ரூப்ருக் வில்லியம் என்ற பாதிரியார் வியந்து பதிவு செய்தார். மங்கோலியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, வளர்ந்த பிறகும் பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் கிடையாது. நொதிக்கும்போது அந்தச் சர்க்கரையில் கணிசமான பகுதியை நுண்ணுயிரிகளே தின்று தீர்த்துவிடுகின்றன.

ஜப்பானியர்களோ நுண்ணுயிரியைக் கால்நடையைப்போலவே பழக்கிவிட்டார்கள். மிசோ, சோயா சாஸ், சாக்கே மூன்றுக்கும் மூலம் கோஜி என்ற பூஞ்சை. இது, நிலக்கடலையில் பூத்து அஃப்லடாக்சின் நஞ்சைச் சுரக்கும் பூஞ்சைக்கு மிக நெருங்கிய உறவு. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததில் கோஜி நஞ்சற்றதாகிவிட்டது. 2006-ல் ஜப்பானின் மதுவடிப்போர் சங்கம் அதைத் தேசியப் பூஞ்சை என்றே அறிவித்தது.

இந்த அறிவெல்லாம் ஏட்டில் இருந்ததைவிடக் கையில் இருந்ததே அதிகம். கை ஓய்ந்தால் அதுவும் போய்விடும். கொரிய நகரங்களின் அடுக்குமாடிகளில் பானை புதைக்க மண் இல்லை. 1990-களில் கிம்ச்சிக்கென்றே உருவான குளிர்பெட்டி பரவிவிட்டது. கடையில் பொட்டலம் வாங்கும் குடும்பங்களும் பெருகிவிட்டன. மெக்சிகோவிலும் இரவெல்லாம் சோளம் ஊறிய வீடுகளில் இன்று தண்ணீர் சேர்த்தால் போதுமான உடனடி மாவு புழங்குகிறது. வேலை குறைவது நல்லதுதான். அம்மியில் முதுகொடிந்த பெண்களுக்கு அது விடுதலையும்கூட. ஆனால் ஏன் சுண்ணாம்பு, எத்தனை நாள் புளிப்பு, எந்த நிறம் வந்தால் நிறுத்த வேண்டும் என்பவை மறந்துபோனால், அதற்கான விலை என்னவென்று அஸ்தூரியாஸும் நம்புலாவும் காட்டிவிட்டன.

யுனெஸ்கோ பட்டியல் ஒரு கௌரவம். ஒரு வீட்டு அடுக்களையை அது காப்பாற்றிவிடாது. அந்த வேலை வீட்டில் இருப்பவர்களுடையது. மோர் மிளகாயும் வடகமும் கருவாடும் போடத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கோடையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கைப்பிடி உப்பு எத்தனை கிராம், வெயில் எத்தனை நாள், எந்தப் பதத்தில் எடுப்பது, எதைச் செய்யக்கூடாது என்று ஒன்று விடாமல் எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படமும் பிடித்து வையுங்கள்.