கேம்பிங் ட்ரிப்புக்கு பட்ஜெட் போட வேண்டியது யாரு? கேங்லயே கை இறுக்கமா இருக்கறவங்கதான்!



வியாழக்கிழமை சாயந்தரம் ஆச்சுன்னா உங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த மெசேஜ் வந்துடும். "மச்சி, இந்த வீக்கெண்ட் ஏலகிரி போலாமா? டென்ட், கேம்ப்ஃபயர், பார்பிக்யூ, எல்லாம் பேசிட்டேன்." பத்து நிமிஷத்துல நாலு பேர் "டபுள் ஓகே" போட்டுடுவாங்க. ஒருத்தர் மட்டும் மெசேஜைப் பாத்துட்டு ராத்திரி வரைக்கும் பதில் போட மாட்டார். கடைசியில, "சாரிடா, வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க"ன்னு ஒரு வரி வரும்.

அந்த குரூப்ல ஒரு ஆறு மாசம் பின்னாடி ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. "வீட்டுல வேலை", "ஊருக்குப் போறேன்", "உடம்பு சரியில்ல" மூணையும் சொன்னது ஒரே ஆளா இருந்தா, அது வேலையும் இல்ல, உடம்பும் இல்ல. பணம். காலேஜ்ல எல்லாரும் ஒரே மெஸ்ல சாப்பிட்டவங்கதான். வேலைக்கு வந்த மூணாவது வருஷம் ஒருத்தருக்குக் கையில 85,000 வருது, இன்னொருத்தருக்கு 28,000 வருது. அந்த 28,000-லயும் வீட்டுக்கு அனுப்பறது, எஜுகேஷன் லோன் ஈ.எம்.ஐ., பி.ஜி. வாடகை போக மிச்சம் என்னன்னு அவருக்குத்தான் தெரியும். அதை குரூப்ல சொல்ல முடியாது, அதனால "வேலை இருக்கு"ன்னு சொல்றார். அந்த ஆள் நீங்களாவே கூட இருக்கலாம்.

நம்ம சேனல் பாக்கறவங்களுக்குத் தெரியும், "ட்ரிப் போகாதீங்க, அந்தக் காசை எஸ்.ஐ.பி.ல போடுங்க"ன்னு நாம சொல்றதில்ல. மாசம் 5,000 ரூபாய், 12% வருமானம் கிடைச்சா பத்து வருஷத்துல சுமார் 11.6 லட்சம். கணக்கு சரிதான். ஆனா 25 வயசுல ஃப்ரெண்ட்ஸோட போகாத மலைக்கு 35 வயசுல அந்த 11.6 லட்சத்தை எடுத்துட்டு யாரோட போவீங்க? அதனால போறதா வேணாமாங்கற பேச்சை விட்டுடலாம். எல்லாரும் வர்ற மாதிரி, யாரும் கடன் படாம எப்படிப் போறதுன்னு பாக்கலாம்.

ஏலகிரி உண்மையில எவ்வளவு ஆகும்?

சென்னையிலருந்து ஆறு பேர், சனிக்கிழமை காலையில கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பறீங்க. கேங்ல ஒருத்தரோட ஏழு சீட் வண்டி. போக வர, மலை மேல சுத்தறது எல்லாம் சேர்த்து சுமார் 500 கிலோமீட்டர். மைலேஜ் 12.5-ன்னு வெச்சா 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்ன்னு போட்டா 4,000. டோல், பார்க்கிங்குக்கு ஒரு ஆயிரம் தள்ளிடுங்க. ஆளுக்கு 830 ரூபாய் வருது. டென்ட், ராத்திரி சாப்பாடு, காலை டிபன் சேர்த்து ஆளுக்கு 1,300-ன்னு வெச்சுக்கோங்க. வழியில சாப்பாடு, டீ, ஞாயிறு மதியம் பிரியாணி 800. போட்டிங், சோளம், அது இதுன்னு 300. மொத்தம் 3,200 ரூபாய் சொச்சம்.

இதையே ரயில்ல பண்ணுங்க. ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கினா மலை அடிவாரம் பக்கம்தான். செகண்ட் சிட்டிங் டிக்கெட் ஒரு பிரியாணி விலைக்கும் கம்மி. போக வர டிக்கெட், பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ, எல்லாம் சேர்த்து 450. அதே டென்ட் 1,300. சாப்பாட்டுல கொஞ்சம் கையைக் கட்டினா 400. ஆக 2,150. அதே 14 கொண்டை ஊசி வளைவு, அதே குளிர். ஆயிரம் ரூபாய் வித்தியாசம். ஒரே ஒரு கண்டிஷன், டிக்கெட்டை முன்னாடியே போடணும். இப்ப 60 நாளைக்கு முன்னாடியே புக்கிங் ஓப்பன் ஆகுது. வியாழக்கிழமை ராத்திரி முடிவு பண்ணிட்டு சனிக்கிழமை காலை ரயில்ல சீட் தேடினா கிடைக்காது. அப்புறம் கால் டாக்ஸிதான். அவசரத்துல போடற ப்ளான் எப்பவும் காஸ்ட்லி.

சரி, 3,200-ஆ 2,150-ஆன்னு இவ்வளவு பேசறோமே, சாதாரண சனிக்கிழமையை எப்பவாவது எண்ணியிருக்கீங்களா? மால்ல ஒரு படம், டிக்கெட்டை விட விலை அதிகமான பாப்கார்ன், வெளிய சாப்பாடு, வரும்போது கேப். சிக்கனமா போனாலே 1,100 ஆகும். நாலு சனிக்கிழமைக்கு 4,400, வருஷத்துக்கு 52,800. வருஷத்துக்கு ரெண்டு தடவை கார்லயே ஏலகிரி போனாலும் 6,400-தான். எட்டுல ஒரு பங்கு கூட வராது. ஆனா "ரொம்ப செலவு பண்றோம்டா"ன்னு நமக்குக் குத்தறது எது? ஏலகிரிதான், ஏன்னா அது மொத்தமா போகுது. மால் காசு சில்லறையா கரையறதால வலிக்கறதே இல்ல.

மாசத்துல ரெண்டு சனிக்கிழமையை மட்டும் மாத்திப் பாருங்க. ஜனவரியிலருந்து மார்ச் வரைக்கும் பெசன்ட் நகர் பக்கம் கடற்கரையில ஸ்டூடன்ட் தன்னார்வலர்கள் ஆமை முட்டை தேடி ராத்திரி நடப்பாங்க, பொதுமக்களையும் கூட்டிட்டுப் போவாங்க. நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் வேடந்தாங்கல்ல பறவைங்க இருக்கும். ஒரு ஆளுக்கு 300 ரூபாய்க்குள்ள முடியற வீக்கெண்ட் சென்னையைச் சுத்தி நிறைய இருக்கு. மால்ல ஏ.சி. இருக்குங்கறது வாஸ்தவம்தான், மே மாசத்துல நானும் அங்கதான் இருப்பேன்.

சராசரி எடுக்காதீங்க

பெரும்பாலான கேங்ல பட்ஜெட் எப்படி முடிவாகுது? யார் ப்ளான் போடறாங்களோ, அவங்க பர்ஸுக்கு ஏத்த மாதிரி. கொஞ்சம் நியாயமான கேங்னா குரூப்ல ஒரு போல் போடுவாங்க. வாட்ஸ்அப் போல்ல யார் எதுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நாலு பேர் 5,000-ஐ அமுக்கினதுக்கு அப்புறம் அஞ்சாவது ஆள் 2,000-ஐ அமுக்குவாரா?

அதுக்குப் பதிலா இப்படிப் பண்ணுங்க. கேங்ல வாய் இறுக்கமான ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. மத்த எல்லாரும் அவருக்குத் தனியா ஒரே ஒரு நம்பர் அனுப்பணும்: "இந்த ட்ரிப்புக்கு யோசிக்காம என்னால குடுக்க முடிஞ்சது இவ்வளவு." தன்னோட நம்பரையும் அவர் எழுதி வெச்சுக்கணும். உதாரணத்துக்கு 6,000, 5,000, 5,000, 4,000, 3,300, 2,200-ன்னு வருதுன்னு வெச்சுக்கோங்க. சராசரி 4,250. அதைப் பட்ஜெட்டா வெச்சா ஆறு பேர்ல மூணு பேருக்குக் கையை மீறுது. ரெண்டு பேர் பல்லைக் கடிச்சுட்டு வருவாங்க, ஒருத்தருக்கு "வீட்டுல வேலை" வந்துடும். பட்ஜெட் 2,200. யார் சொன்ன நம்பர்ங்கறது வெளிய வரக் கூடாது. இப்ப மேல பாத்த ரயில் ப்ளான் அப்படியே பொருந்துதில்ல?

"நான் 6,000 குடுக்கத் தயாரா இருக்கேன், நான் ஏன் ஷேர் ஆட்டோல போகணும்?"னு ஒருத்தர் கேக்கலாம். நியாயமான கேள்விதான். அவர் தன் வண்டியை எடுத்துட்டு வந்து பெட்ரோல் என்னோடதுன்னு சொல்லட்டும், யாரு வேண்டாம்னா? ஆனா "உனக்கும் சேர்த்து நான் குடுத்துக்கறேன், நீ வா"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க. ஒரு தடவை வருவாங்க, அடுத்த தடவை வர மாட்டாங்க.

கார்டு தேய்ச்சவர் நிலைமை

எல்லா கேங்லயும் ஒரு புண்ணியவான் இருப்பார். "நான் கார்டுல போட்டுடறேன், அப்புறமா ஜிபே பண்ணுங்க." கார் ட்ரிப்னா மொத்தம் கிட்டத்தட்ட 20,000. கேஷ்பேக் 1% வந்தா அவருக்கு 200 ரூபாய் லாபம். ரெண்டு பேர் உடனே அனுப்புவாங்க. ஒருத்தர் "சம்பளம் வரட்டும்"பார். இன்னொருத்தர் மறந்துட்டேன்னுவார், அவர்கிட்ட திருப்பிக் கேக்க இவருக்குக் கூச்சம். பில் தேதி வந்துடும், இவர் மினிமம் ட்யூ மட்டும் கட்டுவார்.

கிரெடிட் கார்டு வட்டி பல பேங்க்ல மாசத்துக்கு 3.5% அளவுல இருக்கு, அதாவது வருஷத்துக்கு 42%. முழுசா கட்டலைன்னா வட்டியை பில் தேதியிலருந்து போட மாட்டாங்க, செலவு பண்ண தேதியிலருந்தே போடுவாங்க. 20,000-க்கு ஒரு மாசத்துக்கு 700, அதுமேல 18% ஜி.எஸ்.டி., ஆக 826 ரூபாய். பாக்கி இருக்கற வரைக்கும் அடுத்த மாசம் வாங்கற மளிகைக்குக் கூட வட்டியில்லா நாட்கள் கிடையாது. 200 ரூபாய் கேஷ்பேக்குக்கு நாலு மடங்கு தண்டம். "ட்ரிப் இப்போ, பணம் அப்புறம்"னு ஆப்ல வர்றதும் கடன்தான். தவணை தவறினா சிபில்ல தெரியும், நாளைக்கு வீட்டு லோனுக்குப் போகும்போது பேசும்.

தீர்வு ரொம்பப் பழசு. காசு வந்தாத்தான் புக்கிங். கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, தொகை முழுக்க ஒருத்தர் அக்கவுண்ட்டுக்கு வந்துடணும். நம்ம ஊர் கல்யாணத்துல மொய் எழுதற மாதிரி பேர், தொகை, தேதின்னு ஒரு நோட்டு. கூகுள் ஷீட்டா இருந்தாலும் சரி. மிச்சம் இருந்தா ஞாயிறு ராத்திரியே பிரிச்சுக் குடுத்துடுங்க.

சமமா பிரிக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. டென்ட், வண்டி, பொதுச் சாப்பாடு எல்லாருக்கும் சமம். சரக்கு, சிகரெட் தனி நோட்டு. குடிக்காதவர் பைசா அதுல போகக் கூடாது. இதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, கேம்ப்ஃபயர் பக்கத்துல உக்காந்து பேசற விஷயம் இல்ல இது.

அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடி

இன்ஸ்டாகிராம்ல அழகான ரீல், கீழ ஒரு போன் நம்பர், "50% அட்வான்ஸ் அனுப்புங்க சார்". யாரோ ஒரு தனி ஆளோட யு.பி.ஐ. ஐ.டி. நேர்ல போனவங்க ரிவ்யூ, மேப்ல இடம், அனுமதி ரசீது, இது மூணும் இல்லாம அனுப்பாதீங்க. ஏமாந்துட்டா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ, பணம் நிக்க வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அனுமதிங்கறது சும்மா பேப்பர் விஷயம் இல்ல. 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில, காட்டை ஒட்டின ரிசார்ட் டென்ட்ல தங்கப் போன ஒரு பெண்ணை யானை தாக்கி, அவங்க இறந்துட்டாங்க. 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத்தீயில ட்ரெக்கிங் போன 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. 300 ரூபாய் கம்மின்னு காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற ஆளை நம்பாதீங்க. ட்ரெக்கிங் வேணும்னா வனத்துறையோட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபர்லருந்து இருக்கு. 40 பாதைகளோட ஆரம்பிச்சது, வழிகாட்டி கூட வருவார், ஆன்லைன்லயே புக் பண்ணலாம். ஊட்டி, கொடைக்கானல்னா இ-பாஸ் மறக்காதீங்க. அது இலவசம், அதுக்கும் காசு கேட்டா அது ஏமாத்து வேலை.

வண்டி விஷயம் ஒண்ணு. ஃப்ரெண்டோட காருக்கு தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தா, விபத்துல உள்ள இருக்கற உங்களுக்கு நஷ்டஈடு கிடைக்காமப் போகலாம். காம்ப்ரிஹென்சிவான்னு ஒரு வார்த்தை கேளுங்க. வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்தா ரெண்டு மடங்கு தலைவலி, க்ளெய்ம்ல அதையே காரணமா காட்டலாம். உங்க கம்பெனி ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்டை போன்ல இறக்கி வெச்சுக்கோங்க, மலை மேல நெட் இருக்காது.

"எல்.டி.ஏ. க்ளெய்ம் பண்ணலாமா?"னு நிறைய பேர் கேக்கறீங்க. புது வரி முறையில கிடையாது. பழைய முறையில இருந்தாலும் லீவு எடுத்துப் போன பயணத்துக்குத்தான், அதுவும் டிக்கெட் செலவு மட்டும்தான். லீவே போடாத சனி, ஞாயிறுக்குக் கேக்காதீங்க.

கடைசியா, சம்பளம் வர்ற அன்னைக்கே 1,000 ரூபாய் ஒரு ஆர்.டி.ல போற மாதிரி செட் பண்ணிடுங்க. 6.5% வட்டின்னா வருஷக் கடைசியில 12,000-த்தோட ஒரு 400 சொச்சம் வரும். வட்டிக்காக இல்ல, அந்தக் காசு மெயின் அக்கவுண்ட்ல கண்ணுல படாம இருக்கறதுக்காக. ரயில் ப்ளான்ல அஞ்சு ட்ரிப் போகலாம். ஆயிரம் முடியாதா? 500 போடுங்க, ரெண்டு ட்ரிப் தாராளமா போகலாம்.

நம்பர் அனுப்பச் சொல்லி குரூப்ல எப்படி ஆரம்பிக்கறதுன்னு தயங்கறவங்க இதை அப்படியே காப்பி பண்ணிப் போடுங்க: "மக்களே, அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ஏலகிரி. இடம், வண்டி எதுவும் இன்னும் முடிவு பண்ணல. ஆளுக்கு எவ்வளவு முடியும்னு எனக்குத் தனியா ஒரு நம்பர் அனுப்புங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள. இருக்கறதுலயே கம்மியான நம்பருக்குள்ள ப்ளான் போடறோம்."