டீக்கடைத் தத்துவமும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கும்

சங்கராபுரம் கடைவீதியில் ‘தத்துவம்’ என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். யாராவது டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் விதிப்பா...” என்று இழுத்தால் போதும், “ஆரம்பிச்சிட்டாருய்யா தத்துவத்த!” என்பார்கள். கரும்புக்காரர் ஒருவர் விடமாட்டார்: “ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராததும் விதியாண்ணா?”

ஆட்டோ முதுகில் எழுதியிருப்பதும் தத்துவம். கண்ணதாசன் விரக்தியில் எழுதியதும் தத்துவப் பாட்டு. பள்ளிப் புத்தகத்தில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் மட்டும் கேலிக்கு ஆளாவதில்லை. அதற்கு மார்க் உண்டே!

சைவ சித்தாந்தத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே தத்துவங்கள் 36. மண், நீர், மூக்கு, நாக்கு, மனம், காலம் எல்லாம் அதில் அடக்கம். அறிவுரை ஒன்றுகூட இல்லை. உலகமும் உடம்பும் எவற்றால் ஆனவை என்று பிரித்து எண்ணிய கணக்கு அது. இறைவன் அந்தக் கணக்குக்கு அப்பால்.

இந்தச் சித்தாந்தத்தின் தலையாய நூல் எழுந்தது நம் பக்கத்தில்தான். திருக்கோவிலூர் தாண்டினால் திருவெண்ணெய்நல்லூர். 13-ஆம் நூற்றாண்டில் அங்கே மெய்கண்டார் செய்த ‘சிவஞானபோதம்’ 12 சூத்திரம், 40 அடி, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கருத்தும் வழக்காடு மன்றத்தில் நிற்பதுபோல் நிற்கிறது. முதலில் மேற்கோள், அடுத்து ஏது, அதாவது காரணம், பிறகு எடுத்துக்காட்டு. உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே அதைச் செய்பவன் ஒருவன் உண்டு என்று முதல் சூத்திரமே காரணத்தோடுதான் தொடங்குகிறது. ஏற்பதும் மறுப்பதும் நம் பாடு.

அன்று மேற்கோள் என்றால் நிறுவிக் காட்ட வேண்டிய கருத்து. இன்று பெரியவர் சொன்ன வாக்கியத்தை எடுத்துப் போடுவது. ஏது எங்கோ வழியில் விழுந்துவிட்டது. காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் தத்துவங்களைக் கண்டு ஜனங்கள் சிரிப்பதில் தப்பே இல்லை. வெட்டு உத்தரவைப் பற்றிக் கேட்டவர்தான் சித்தாந்திகளுக்கு நெருங்கிய உறவு என்பேன்.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார். வயதில் குருவுக்கு மூத்தவர் என்பது சைவ மரபு. அவருடைய ‘சிவஞான சித்தியார்’ நூலின் பரபக்கம் என்னும் பகுதியில் பௌத்தர், சமணர் முதலிய மாற்றுத் தரப்பினர் வரிசையாக வந்து பேசுகிறார்கள். முதலில் பேசுகிறவன் உலகாயதன்: கண்ணால் கண்டதே சாட்சி, மறுபிறவி கிடையாது, கடவுள் கிடையாது என்பவன். அவன் சொல்லி முடித்த பிறகுதான் ஆசிரியர் மறுக்கத் தொடங்குகிறார். நாத்திகரின் வாதத்தைப் பழந்தமிழில் தேடுகிறவர்கள் இந்தச் சிவாச்சாரியாரின் நூலையும் புரட்டலாம்.