குளிசையின் சொந்தப் பெயர்

தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்த உறைகளை எல்லாம் மேசையில் கொட்டுங்கள் மாமி, பார்ப்போம். கண்டியில் பல பாமசிகளில் குளிசையை அட்டையிலிருந்து வெட்டிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருகிறார்கள். 'காலை 1, இரவு 1' என்று எழுதியிருக்கிறது. மருந்தின் பெயரைக் காணோம். எனக்குப் பயம் அதில்தான்.

இது பனடோல். சொந்தப் பெயர் பரசிட்டமோல். தலையிடிக்கு வாங்கிய பனடோல் எக்ஸ்ட்ராவிலும் அதே 500 மில்லிகிராம் இருக்கிறது, கூடக் கொஞ்சம் கஃபீன். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அதுதான். மூன்று வருத்தத்துக்கு மூன்று மருந்து என்று நினைத்து, ஒரே மருந்தை மூன்று முறை விழுங்குகிறோம். வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி. 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. உங்களைப் போல மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் குடிப்பவர்களுக்கும் அந்த எட்டே அதிகமாகலாம், டொக்டரிடம் கேளுங்கள். அளவு மீறினால் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஈரல் கெட்டது இரண்டு மூன்று நாள் கழித்தே வெளிப்படும். முறிப்பு மருந்தோ முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் காக்கும். அதனால் உடம்பு சுகமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சல் என்றால் இன்னும் கவனம். 2017இல் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததே, கண்டியும் தப்பவில்லை. மூட்டுவலிக்கு வைத்திருக்கும் இந்த டைக்ளோபினாக், இபுப்ரோபன், அஸ்பிரின் எதையும் காய்ச்சலுக்குத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பரசிட்டமோல் மட்டும். இரண்டு நாளில் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்கு ஆபத்தாகும். வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

பேரனுக்குப் பரசிட்டமோல் பாணி மருந்தா? வயதைவிட நிறைதான் கணக்கு: கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் ஒரு வேளைக்குப் போகாது. தேக்கரண்டி வேண்டாம், போத்தலோடு வரும் அளவுக் கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

பேராதனையில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே இந்தப் பெயர் விஷயத்துக்காகத்தான் பாடுபட்டார். மருந்தை வியாபாரப் பெயரால் அல்லாமல் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்றார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவர் முயற்சியில் உருவானது. விலை குறைந்ததைப் பலரும் சொல்வார்கள். பெயர் தெரிந்தால் உயிர் தப்பும் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

அடுத்த முறை உறையில் பெயரை எழுதித் தரக் கேளுங்கள், சிங்களத்தில் 'நம லியலா தென்ன' என்றால் எழுதித் தருவார்கள். இந்த மஞ்சள் குளிசை என்னவென்று எனக்கும் விளங்கவில்லை. இதைப் பாமசிக்கே கொண்டுபோய்க் கேட்போம், அதுவரை ஒன்றும் போட வேண்டாம்.